விறகு ஃபேர்னஸும் புரோப்பேனும் ஒரே வீட்டில, தெர்மோஸ்ரற் வயரிங் எப்பிடிச் செய்யிறது?

காட்டுவீட்டான் (ஒன்ராறியோ):

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபரோ வீட்டைக் குடுத்துப்போட்டு லின்ட்சேக்கு வடக்கால கொஞ்சம் காணியோட ஒரு பழைய வீடு எடுத்தனாங்கள், இது எங்களுக்கு அங்க முதல் குளிர்காலம். காஸ் லைன் இந்த றோட்டுக்கு வரேல்லை, வெளியில புரோப்பேன் டாங்கி ஒண்டு நிக்குது. வீட்டைச் சூடாக்க பேஸ்மன்ரில ரெண்டு ஃபேர்னஸ், ஒண்டு விறகு மற்றது புரோப்பேன், பக்கத்தில பக்கத்தில நிண்டு மேல ஒரே டக்ட்டுக்குள்ள (காத்துக் குழாய்) போய்ச் சேருது. விறகுக்கு தனி ப்ளோவர் இருக்கு, கதவுக்குக் கீழ நெருப்புக்குக் காத்து ஊதச் சின்னதா ஒரு ட்ராஃப்ட் ஃபானும் இருக்கு. ஹோல்வே சுவரில ரெண்டு தெர்மோஸ்ரற். விறகுக்குரியது பழைய வட்ட ஹனிவெல், மூடியைக் கழட்டினா உள்ள பாதரசக் குமிழ் சரியிறது தெரியும். மற்றது சாதாரண டிஜிற்றல். ரெண்டையும் 21ல வச்சிருக்கிறம்.

பிரச்சினை என்னண்டா விறகு நல்லா எரிஞ்சு கொண்டிருக்கேக்கயே புரோப்பேனும் சேந்து ஸ்ராட் ஆகுது. புஷ் கோட் கணக்கில விறகு வாங்கி அடுக்கி வச்சுப்போட்டு புரோப்பேன் லொறிக்காரனுக்கும் காசு குடுத்துக்கொண்டிருக்கிறம், மனிசி சொல்லுறா ரெண்டில ஒண்டை விட்டுத் துலையுங்கோ எண்டு. இன்னொண்டு, விறகு ஓடேக்க சிற்றிங் றூம் ரிட்டேர்ன் கிறில்லில கையை வச்சா காத்தை உள்ள இழுக்கிறதுக்குப் பதிலா இளஞ்சூடா வெளிய தள்ளுது. இது வழமையோ?

மகன் ஒரு வீடியோ பாத்துப்போட்டு ரெண்டையும் கழட்டிப்போட்டு ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்ரற் போடுவம், சூடு கேக்கிற முதல் முனை டபிள்யூ1ல விறகு, ரெண்டாவது முனை டபிள்யூ2ல புரோப்பேன், விறகு காணாட்டி அது தானா மற்றதுக்கு மாறும் எண்டுறான். கேக்க நல்லாத்தான் கிடக்கு. விறகுப் பக்கத்தால ரெண்டு வயர்தான் வருது, சிவப்பும் வெள்ளையும். புரோப்பேன் பக்கத்தால அஞ்சு வயர் கேபிள், அதில நீலம் மட்டும் ஒண்டிலயும் பூட்டாமச் சுத்திக் கிடக்கு. ஆராவது இதுமாதிரிச் செய்தனீங்களோ?

ரிலே ராஜா (மிச்சிகன்):

அண்ணே, முதல்ல பைசா செலவில்லாத வேலையைச் செஞ்சிருங்க. ரெண்டையும் 21ல வச்சா ரெண்டும் ஒண்ணாத்தான் கிளம்பும், வேற எப்படி இருக்கும், ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது. விறகை 21லயே விடுங்க, புரோபேனை 18க்கு இறக்குங்க. அந்த பழைய வட்டம் ஒரு டிகிரி முன்னப்பின்ன காட்டும், அதனால இடைவெளி மூணு டிகிரியாவது இருக்கட்டும். ரெண்டு ஹீட்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய "கன்ட்ரோல்" தொண்ணூறு சதவீதம் இந்த இடைவெளிதான், மிச்சமெல்லாம் மேல பூசுற பாலிஷ்.

இப்ப அந்த ஒரே ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஐடியா. தம்பி சொல்ற மாதிரி ரெண்டு செட் வயரையும் ஒரே பேஸ்ல நேரா சொருகினீங்கன்னா ஏதாவது ஒண்ணு போகும். காரணம் என்னன்னா ரெண்டு ஃபர்னஸுக்கும் தனித்தனி 24 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர். தெர்மோஸ்டாட்ல டபிள்யூ1, டபிள்யூ2 ரெண்டும் ஆர்ஹெச்ங்கற ஒரே முனையில இருந்துதான் கரண்ட் எடுக்கும். அப்ப புரோபேன் ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து கிளம்புற கரண்ட் விறகு ஃபர்னஸுக்குள்ள போகும், ஆனா திரும்பி வர அதுக்கு வழி கிடையாது, சர்க்யூட்டே முழுசாகாது, ஒண்ணும் ஓடாது. "சரி ஓடலையே"ன்னு யாராவது ரெண்டு சி-யையும் (கரண்ட் திரும்பற வயர்) ரெண்டு ஆர்-ஐயும் (கரண்ட் வர்ற வயர்) சேர்த்து முறுக்கி விடுவாங்க பாருங்க, அங்கதான் வினை. ரெண்டு பேர் ஒரே ஊஞ்சலை எதிரெதிர் பக்கம் நின்னு தள்ளுற கதை. பேனலுக்கு வர்ற ரெண்டு லைன்ல (லெக்) ஒரு ஃபர்னஸ் ஒண்ணுலயும் இன்னொண்ணு அடுத்ததுலயும் இருந்தா ரெண்டு 24 வோல்ட்டும் நேர் எதிர் ஃபேஸ்ல நிக்கும், சி-க்கள் சேர்ந்திருக்கும்போது ரெண்டு ஆர்-க்கு நடுவுல மீட்டர் வச்சா 50 வோல்ட் கிட்ட காட்டும். அந்த நிலைமையில ஆர்-களை இணைச்சா போர்டுல இருக்கற ஊதா கலர் 3 ஆம்ப் ஃப்யூஸ் போறது நல்ல காலம், ஃப்யூஸ் இல்லாத பழைய விறகு ஃபர்னஸ்ல ட்ரான்ஸ்ஃபார்மரே கருகும்.

ஆர்சி, ஆர்ஹெச்னு ரெண்டு டெர்மினல் இருக்கே, அதுல ஒவ்வொண்ணா போட்டுக்கலாமேன்னு கேப்பீங்க. அது ஏசிக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், ஹீட்டுக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர்னு இருக்கற வீட்டுக்கு. ரெண்டுமே ஹீட்டா இருந்தா உதவாது.

ஒரே தெர்மோஸ்டாட்தான் வேணும்னா நடுவுல ஒரு ஐசொலேஷன் ரிலே போடுங்க. 24 வோல்ட் காயில், டிரை கான்டாக்ட் (தனக்குன்னு கரண்ட் இல்லாத சுவிட்ச்). காயிலுக்கு புரோபேன் பக்கத்து டபிள்யூ1லயும் சி-லயும் இருந்து கரண்ட், கான்டாக்ட் விறகு ஃபர்னஸோட அந்த சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து வைக்கும், ரெண்டு ட்ரான்ஸ்ஃபார்மரும் ஒண்ணையொண்ணு தொடவே தொடாது. ரிலே இருபது முப்பது டாலர்தான்.

ஆனா நானா இருந்தா அதைச் செய்ய மாட்டேன். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் கேஸ் ஃபர்னஸை மனசுல வச்சு செஞ்சது. டபிள்யூ1 போட்டு இவ்வளவு நேரமாச்சு, வீடு சூடாகல, சரி டபிள்யூ2 போடுவோம்னு அதுவா முடிவெடுக்கும். விறகு புதுசா அடுக்கினா சூடு மேல வர அரை மணி முக்கா மணி ஆகுமே, அதுக்குள்ள புரோபேன் எரிய ஆரம்பிச்சிரும், அதாவது இப்ப உங்களுக்கு இருக்கற அதே பிரச்சினையை காசு குடுத்து வாங்கி மாட்டுறீங்க. அடுத்தது, ராத்திரி நெருப்பு அணைஞ்சு போச்சுன்னு வைங்க, தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியாது, டபிள்யூ1 கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், ட்ராஃப்ட் ஃபேன் விடிய விடிய ஓடி வீட்டுச் சூட்டையே சிம்னி வழியா வெளியேத்தும், மிச்சம் மீதி இருக்கற கங்கும் போயிரும். ரெண்டு தனி தெர்மோஸ்டாட்லயும் இது நடக்கும்தான், ஆனா அங்க கையால திருப்பி விடுறது சுலபம்.

விறகுக்கு அந்த பழைய வட்டத்தையே வச்சுக்கோங்க, இல்லன்னா பேட்டரியில ஓடுற சாதா தெர்மோஸ்டாட் போடுங்க. ரெண்டே வயர்தான் இருக்குன்றீங்க, அங்க சி இல்லாம வேலை செய்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாட்டிராதீங்க, அது லோடு வழியா கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் திருடித்தான் உயிர் வாழும், ரிலே டகடகன்னு அடிக்கும். ஸ்மார்ட் ஆசை இருந்தா புரோபேன் பக்கம் போடுங்க, சும்மா சுத்திக் கிடக்கற நீல வயரை ரெண்டு முனையிலயும் சி-ல மாட்டுங்க, வேலை முடிஞ்சுது.

எதையும் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கரையும் இறக்கணும். ஒண்ணை மட்டும் இறக்கினா சுவர்ல பாதி வயர் இன்னும் உயிரோட இருக்கும்.

விறகுக்காரி (மின்னசோட்டா):

ராஜா சொன்னதுல ஒண்ணே ஒண்ணு சேர்க்கிறேன் அண்ணா. அந்த வட்ட ஹனிவெல் மூடியைத் திறந்தீங்கன்னா பாதரசக் குமிழுக்குக் கிட்ட ஒரு சின்ன முள்ளு, பக்கத்துல 0.2, 0.4ன்னு ஆம்ப் நம்பர் எழுதி, ஒரு அம்புக்குறி போட்டு "லாங்கர்"னு இருக்கும். அதை கேஸ் ஃபர்னஸுக்கு வைக்கிற மாதிரி வச்சிருந்தா விறகு பாவம், ட்ராஃப்ட் ஃபேன் அஞ்சு நிமிஷம் ஓடி நின்னு அஞ்சு நிமிஷம் ஓடி நின்னு, நெருப்பு நல்லா பிடிக்கவும் இல்லாம அடங்கவும் இல்லாம புகைஞ்சுக்கிட்டே கிடக்கும், அந்தப் புகைதான் சிம்னிக்குள்ள கிரியோசோட்னு தார் மாதிரி படியறது. முள்ளை லாங்கர் பக்கம் தள்ளி விடுங்க. டிஜிட்டல் போட்டா மணிக்கு எத்தனை சைக்கிள்னு (எத்தனை தடவை ஓடி நிக்கணும்னு) கேக்கும், 1 வச்சிருங்க.

அப்புறம் ராத்திரி குறைச்சு காலைல கூட்டுற வேலையெல்லாம் விறகு தெர்மோஸ்டாட்ல வேண்டவே வேண்டாம். கேஸுக்கு அது மிச்சம், இதுக்கு அது ஆபத்து. காலைல அஞ்சு மணிக்கு தெர்மோஸ்டாட் திடீர்னு நாலு டிகிரி ஏறணும்னு கேட்டா ட்ராஃப்ட் ஃபேன் நிக்காம ஊதும், நீங்களும் அப்பத்தான் எழுந்து வந்து கட்டை நிறைய அடுக்கியிருப்பீங்க, ரெண்டும் சேர்ந்து லிமிட் (சூடு மிஞ்சினா வெட்டற சுவிட்ச்) வரைக்கும் கொண்டு போயிரும். எங்க வீட்டுல விறகு 70 பாரன்ஹீட், புரோபேன் 62, வருஷம் பூரா அதே. உங்க கணக்குல 21, 17ன்னு வச்சுக்கோங்க. விடியக்காலையில புரோபேன் ஒரு தடவை கிளம்பினா சரி, கட்டை தீர்ந்துருச்சுன்னு எனக்கு அதுதான் அலாரம்.

இன்னும் ஒரு விஷயம் எல்லாரும் குழப்பிக்கிறது. தெர்மோஸ்டாட் ட்ராஃப்ட் ஃபேனைத்தான் ஆட்டி வைக்கணும், பெரிய ப்ளோவரை இல்லை. பெரிய ப்ளோவர் பிளீனத்தோட (ஃபர்னஸுக்கு மேல சூட்டுக் காத்து சேர்ற பெட்டி) சூட்டைப் பாத்துத்தான் ஓடணும் நிக்கணும். ஏன்னா வீடு 21 ஆயிடுச்சுன்னு தெர்மோஸ்டாட் கையைக் கட்டிக்கிட்டாலும் உள்ள இருக்கற கட்டை கேக்காதே, அது பாட்டுக்கு எரியும். ப்ளோவரை தெர்மோஸ்டாட்ல கட்டி வச்சிருந்தா அந்தச் சூடு போக இடமில்லாம பிளீனத்துலயே தங்கும். உங்க வீட்டுல முன்னாடி இருந்தவர் எப்படி கட்டியிருக்கார்னு ஒரு தடவை பாத்துருங்க.

புது ஃபர்னஸ்ல சிலதுல இந்த தொல்லையே கிடையாது. எங்க மாநிலத்துலயே டவர்னு ஒரு சின்ன ஊர்ல செய்யற கூமா மாதிரி மாடல்ல வீட்டுத் தெர்மோஸ்டாட் நெருப்பைத் தொடறதே இல்ல, உள்ள இருக்கற கம்ப்யூட்டர் ஃபயர்பாக்ஸ் சூட்டைப் பாத்து காத்து விடுது. 2020 மே மாசத்துக்கப்புறம் அமெரிக்காவுல விக்கிற விறகு ஃபர்னஸ் எல்லாம் அவங்க சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏவோட ரெண்டாம் கட்டப் புகை வரம்புக்குள்ள இருக்கணும், அதுலதான் இந்தப் பக்கம் எல்லாரும் மாற ஆரம்பிச்சாங்க. விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

பேஸ்மன்ற் டெக் (ஒன்ராறியோ):

அண்ணை, நான் ஜி2 எண்ட காஸ் வேலை லைசன்ஸ் வச்சு ஃபேர்னஸ் வேலை செய்யிறவன். மேல ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா நீங்கள் போறபோக்கில சொல்லிப்போட்டுப் போன விசயத்தை ஒருத்தரும் பிடிக்கேல்லை. ரிட்டேர்ன் கிறில்லால சூடு வெளிய வருது எண்டனீங்கள். அது வழமை இல்லை, அதைத்தான் முதல்ல பாக்கோணும்.

ரெண்டு ஃபேர்னஸும் ஒரே சப்ளை டக்ட்டில சேருதெண்டா, விறகு ப்ளோவர் மேல தள்ளுற காத்துக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு வீட்டுக்குள்ள. மற்றது, நிண்டு போய்க் கிடக்கிற புரோப்பேன் ஃபேர்னஸுக்குள்ளால தலைகீழா இறங்கி ரிட்டேர்னுக்குள்ள. லேசான வழி எதுவோ அங்கதான் காத்து போகும். அப்ப நீங்கள் எரிக்கிற விறகில ஒரு பங்கு பேஸ்மன்ருக்குள்ளயே வட்டம் சுத்துது, மேல வீடு சூடாகுதில்லை, தெர்மோஸ்ரற் இறங்குது, புரோப்பேன் எழும்புது. உங்கட ரெண்டு பிரச்சினையும் ஒரே பிரச்சினை எண்டுதான் நான் நினைக்கிறன். போதாக்குறைக்கு அந்தச் சூட்டுக் காத்து புரோப்பேன்ர போர்டுக்கும் ப்ளோவர் மோட்டருக்கும் மேலால போகுது, அதுகள் அந்தச் சூட்டுக்குச் செய்ததில்லை.

ரெண்டு ஃபேர்னஸின்ர வாயிலயும் பாக்ட்ராஃப்ட் டேம்பர் (காத்து திரும்பி வராமத் தடுக்கிற மூடி) இருக்கோணும். ரெண்டு வகை இருக்கு. ஒண்டு பாரம் வச்ச தகடு, ப்ளோவர் தள்ளினா திறக்கும், நிண்டா தானா விழுந்து மூடும். மற்றது மோட்டர் வச்சது. மோட்டர் வச்சதெண்டா புரோப்பேன் தெர்மோஸ்ரற்றின்ர டபிள்யூ நேர ஃபேர்னஸுக்குப் போகக்கூடாது. அது முதல்ல டேம்பர் மோட்டரை ஓட்டோணும், டேம்பர் முழுசாத் திறந்த பிறகு அதில இருக்கிற எண்ட் சுவிச்தான் ஃபேர்னஸுக்கு டபிள்யூ குடுக்கோணும். அங்கயும் ஒரு சிக்கல், நெருப்பு நிண்ட பிறகும் ப்ளோவர் ஒண்டு ரெண்டு நிமிசம் ஓடும், அதுக்குள்ள டேம்பர் மூடிச்சுதெண்டா சூடு உள்ளுக்க அடைபடும், அப்ப அதுக்கொரு டிலே ரிலே. பிறகு ஆராவது ஃபானை மட்டும் ஓனில விட்டா மூடின டேம்பருக்கு எதிரா ஊதும், அதுக்கும் ஒரு வழி. இப்பிடியே ரிலே மேல ரிலே ஏறும். அதாலதான் நான் பாரம் வச்ச தகட்டை விரும்புறனான், வயரே இல்லாத சாமானில வயர் பழுதாகாது. விறகுப் பக்கம் மோட்டர் டேம்பர்தான் எண்டு நிண்டா, கரண்ட் போனா ஸ்பிரிங்கில தானாத் திறக்கிறதா மட்டும் வாங்குங்கோ. கரண்ட் இல்லாத நேரம் விறகு ஃபேர்னஸின்ர வாய் மூடிக் கிடந்தா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

இனி லொக்அவுட். கன பேர் கேக்கிறவை, விறகு சூடா இருக்கேக்க புரோப்பேன் ஸ்ராட்டே ஆகக்கூடாது எண்டு. செய்யலாம், ரிலே கூடத் தேவையில்லை. விறகு பிளீனத்தில ஒரு ஸ்னாப் டிஸ்க் (சூட்டுக்கு மாறுற சின்ன சுவிச்) ஏத்தி, புரோப்பேன்ர டபிள்யூ வயரை அதுக்குள்ளால விடுங்கோ. எல் எண்டு தொடங்கிற டிஸ்க் சூடேறினா திறந்து சர்க்கிட்டை வெட்டும், எஃப் எண்டு தொடங்கிறது சூடேறினா மூடும், மாறி வாங்கினா விறகு சூடா இருந்தா மட்டும் புரோப்பேன் ஓடும், அதையும் ஒரு வீட்டில பாத்தனான். சரி, லொக்அவுட் போட்டாச்சு. டிஸ்க் பழுதாகித் திறந்தபடி நிண்டா? நீங்கள் ஊருக்குப் போயிருக்கிற நேரம் புரோப்பேனும் வராது விறகும் இல்லை, தண்ணிக் குழாய் வெடிக்கும். அதால லொக்அவுட் போடுற எவரும் பேஸ்மன்ரில இன்னொரு மலிவு தெர்மோஸ்ரற்றை 10 டிகிரியில வச்சு அந்த டிஸ்குக்குச் சமாந்தரமா கட்டுங்கோ. அது டிஸ்கை மட்டும்தான் தாண்டோணும், எண்ட் சுவிச் இருந்தா அதைத் தாண்டக்கூடாது. என்னைக் கேட்டா உங்கட வீட்டுக்கு லொக்அவுட் வேண்டாம். 21க்கும் 18க்கும் இடையில இருக்கிற இடைவெளியே காணும்.

கடைசியா, வெட் (WETT) எண்ட விறகு ஃபேர்னஸ் இன்ஸ்பெக்சன் செய்தாச்சோ? வீட்டு இன்சூரன்ஸ்காரர் விறகு எண்டவுடன முதல்ல அதைத்தான் கேப்பினம். நிறுவுறதுக்கு சிஎஸ்ஏ பி365 எண்ட கோட் இருக்கு, இன்ஸ்பெக்டர் அதை வச்சுத்தான் தூரம், புகைக்குழாய், டக்ட் எல்லாம் பாப்பார். ரெண்டு ஃபேர்னஸின்ர புகையும் ஒரே சிம்னிக்குள்ள போகுதோ எண்டும் ஒருக்கா பாருங்கோ, போகக்கூடாது. புரோப்பேன் ஃபேர்னஸுக்கு உள்ள கை வைக்கிற வேலைக்கு லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கோ, சுவரில தெர்மோஸ்ரற் மாத்திறது நீங்களே செய்யலாம்.

புதுசா வந்தவன்:

இவ்ளோ கஷ்டம் எதுக்கு ப்ரோ, ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு கோல்ட் க்ளைமேட் ஹீட் பம்ப் போட்டுருங்க. இந்தக் காலத்துல யார் விறகு வெட்டுறா.

ரிலே ராஜா (மிச்சிகன்):

ஹீட் பம்ப் நல்லதுதான், நான் எதிரி இல்ல. ஆனா அவருக்கு காணியில மரம் நிக்குது. ஒருவேளை நாளைக்கு அந்த டக்ட்லயே ஹீட் பம்ப்பும் சேர்க்கணும்னா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, விறகுல சூடான காத்து ஹீட் பம்ப் காயில் மேல போகவே கூடாது, பிரஷர் ஏறி ட்ரிப் ஆகும். அங்க லொக்அவுட் ஆப்ஷன் கிடையாது, கட்டாயம். கேஸுக்கு வேண்டாம்னு டெக் அண்ணன் சொன்னது ஹீட் பம்ப்புக்குப் பொருந்தாது.

காட்டுவீட்டான் (ஒன்ராறியோ):

எல்லாருக்கும் பெரிய நன்றி. புரோப்பேனை 18ல விட்ட அண்டைக்கே வித்தியாசம் தெரிஞ்சுது, ஆனாலும் விடியப்புறம் இன்னும் கொஞ்சம் அடிக்கடிதான் எழும்பிச்சுது. பிறகு டெக் தம்பி சொன்னபடி ரெண்டு பிரேக்கரையும் இறக்கிப்போட்டு புரோப்பேனுக்கு மேல இருக்கிற டக்ட்டில அந்தச் சின்ன மூடியைக் கழட்டி டோர்ச் அடிச்சுப் பாத்தா, டேம்பர் இருக்கு! பாரம் வச்ச தகடுதான். ஆனா ஆரோ ஒரு டிரைவோல் ஸ்க்ரூவை வெளியால ஏத்தி, தகடு அதில முட்டி முக்கால்வாசி திறந்தபடி நிக்கிற மாதிரிச் செய்து வச்சிருக்கிறாங்கள். ஸ்க்ரூ தலையில துரு பிடிச்சுப் போய்க் கிடக்கு, கன காலத்து வேலை. அதைக் கழட்டி விடட்டோ?

விறகுப் பக்கமும் பாத்தன். பெரிய ப்ளோவர் தெர்மோஸ்ரற்றில இல்லை, பிளீனத்துக்குள்ள நீளமா ஒரு குழாய் போற ஹனிவெல் பெட்டி ஒண்டில இருந்துதான் போகுது. அதுக்குள்ள வட்டத் தகட்டில மூண்டு முள்ளு, பக்கத்தில வெள்ளை பட்டன் ஒண்டு. முள்ளு 90, 130, 200ல நிக்குது. சரிதானே?

பேஸ்மன்ற் டெக் (ஒன்ராறியோ):

பொறுங்கோ அண்ணை, ஸ்க்ரூவை உடன கழட்டிப்போட்டு விட்டுடாதேங்கோ. ஒருத்தன் வேலைமினக்கெட்டு ஸ்க்ரூ ஏத்தியிருக்கிறான் எண்டா அதுக்கொரு காரணம் இருக்கும். தகடு அடிக்கிற சத்தம் பொறுக்கேலாம ஏத்தியிருக்கலாம், அப்பிடியெண்டா பிரச்சினை இல்லை, ஓரத்தில கொஞ்சம் ஃபெல்ற் ஒட்டினா சத்தம் நிண்டுடும். ஆனா தகட்டில பாரம் கூடிப்போய் புரோப்பேனுக்குக் காத்து காணாம லிமிட் அடிச்சுக்கொண்டிருந்ததால ஏத்தினதெண்டா, நீங்கள் கழட்டினவுடன அந்தப் பழைய வருத்தம் திரும்பி வரும். கழட்டிப்போட்டு, விறகு எரியாத நேரம் புரோப்பேனை ஒரு கால் மணித்தியாலம் ஓட விட்டு, ரிட்டேர்ன் டக்ட்டில ஒரு தெர்மோமீற்றர், சப்ளை டக்ட்டில ஒண்டு வச்சுப் பாருங்கோ. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஃபேர்னஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற தகட்டில "ரெம்பரேச்சர் றைஸ்" எண்டு போட்ட எல்லைக்குள்ள இருந்தா நல்லம். தாண்டினா தகட்டில இருக்கிற பாரத்தைக் கொஞ்சம் உள்பக்கம் நகர்த்துங்கோ.

அந்தப் பெட்டி ஃபான் அன்ட் லிமிட் கன்ட்ரோல், எல்4064 குடும்பம். எல்லாம் பாரன்ஹீட், 90ல ப்ளோவர் நிக்கும், 130ல தொடங்கும், 200ல லிமிட். நீங்கள் சொன்ன மூண்டும் நல்லாத்தான் கிடக்கு, உங்கட ஃபேர்னஸ் புத்தகத்தில வேற இலக்கம் இருந்தா புத்தகம்தான் சரி. முள்ளைத் திருப்பேக்க நடுவில இருக்கிற வட்டத்தை மற்றக் கையால அசையாமப் பிடிச்சுக்கொண்டு முள்ளை மட்டும் தள்ளுங்கோ, வட்டத்தோட சேத்துத் திருப்பினா உள்ள இருக்கிற சுருள் கெட்டுப்போகும், பிறகு காட்டுற ஒரு இலக்கமும் உண்மை இல்லை. வெள்ளை பட்டன் ப்ளோவரைக் கையால ஓட விடுறதுக்கு, அது ஓட்டோவில நிக்கோணும். லிமிட் அடிச்சா ட்ராஃப்ட் ஃபான் நிக்குதோ எண்டதை மட்டும் ஒருக்கா உறுதிப்படுத்துங்கோ. தெர்மோஸ்ரற் எண்டது வசதிக்கு, பாதுகாப்புக்கு இல்லை, லிமிட் அதுக்கு மேல நிண்டு வெட்டோணும்.

காட்டுவீட்டான் (ஒன்ராறியோ):

ஸ்க்ரூவைக் கழட்டியாச்சு, ஃபெல்ற்றும் ஒட்டியாச்சு. றைஸ் தகட்டில போட்ட எல்லைக்குள்ளதான் நிக்குது. இப்ப விறகு ஓடேக்க ரிட்டேர்ன் கிறில்லில ஒரு ரிஷ்யூப் பேப்பரைப் பிடிச்சா உள்ள இழுத்து ஒட்டிக்கொள்ளுது. மகனுக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்ரற் புரோப்பேன் பக்கம் போட்டுக் குடுத்தாச்சு, நீல வயரை சி-ல மாட்டினவன், அவனுக்கும் சந்தோசம்.

இனி ஒரே ஒரு கேள்வி. 2025 மார்ச் கடைசியில ஓரிலியா, பீற்றர்பரோ, இந்தப் பக்கமெல்லாம் ஐஸ் மழை பெய்து கரண்ட் போனது உங்களுக்குத் தெரியும்தானே, பக்கத்துக் காணிக்காரர் இன்னும் அதைப் பற்றித்தான் கதைக்கிறார். அப்பிடி வந்தா விறகு ஃபேர்னஸை என்ன செய்யிறது?

விறகுக்காரி (மின்னசோட்டா):

அண்ணா, கரண்ட் போன உடனே ட்ராஃப்ட் ஃபேனும் நின்னுரும், அது நல்லது, நெருப்பு தானா அடங்கும். புதுசா கட்டை போடாதீங்க, சாம்பல் கதவைத் திறந்து வைக்காதீங்க. ப்ளோவர் இல்லாம சூடு தானா மேல ஏறணும், அதுக்கு ஃபில்டரைக் கழட்டி எடுத்துட்டு ரெஜிஸ்டர் எல்லாத்தையும் திறந்து விடுங்க, அப்புறம் சின்ன நெருப்பா, ரெண்டு மூணு கட்டைக்கு மேல வேண்டாம். உங்க மாடல் புத்தகத்துல கரண்ட் கட்டுக்குன்னு ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும், அதுல சொல்லியிருக்கற படிதான். கார்பன் மோனாக்சைடு அலாரத்துல பேட்டரி இருக்கான்னு பாத்துருங்க.

நம்ம ஊர்ல கரண்ட் கட்டுக்கு எல்லாரும் இன்வெர்ட்டர் வாங்கி வச்ச பழக்கத்துல நானும் அதைத்தான் முதல்ல யோசிச்சேன். ப்ளோவர் ஒரு ஐநூறு வாட்ஸ் கிட்ட இழுக்கும்னா 12 வோல்ட் 100 ஆம்ப் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு ஒரு மணி நேரம்தான் தாங்கும், பாதிக்கு மேல அதைக் காலி பண்ணக்கூடாதே. லித்தியம்னா அதுல ரெண்டு மடங்கு. உள்ள இருக்கற கட்டை எரிஞ்சு அடங்குற வரைக்கும் ஓட்ட அது போதும், ராத்திரி முழுக்க ஓட்ட போதாது. சைன் வேவ் இன்வெர்ட்டரா பாத்து வாங்குங்க, மலிவானதுல மோட்டார் உறுமும், சூடாகும்.

ரிலே ராஜா (மிச்சிகன்):

நாள் கணக்குல போற கட்டுன்னா ஜெனரேட்டர்தான் அண்ணே, சின்னதே போதும். ஆனா வெளிக் கரண்டையும் ஜெனரேட்டரையும் சேரவிடாம பிரிக்கற டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் வழியா மட்டும். ரெண்டு முனையிலயும் பிளக் உள்ள வயரை டிரையர் பாயின்ட்ல சொருகி ஜெனரேட்டர் கரண்டை வீட்டுக்குள்ள திருப்பி விடுற வேலையை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீங்க, கம்பத்துல ஏறி நிக்கிற லைன்மேன் உயிர் அது. விறகு ஃபர்னஸ் எந்த ஜெனரேட்டர்லயும் ஓடும். புரோபேன் சில சமயம் அடம் பிடிக்கும், ஒரு நொடி பத்திக்கிட்டு அணைஞ்சிரும், அப்படி ஆச்சுன்னா போர்டு போச்சுன்னு நினைக்காதீங்க. சின்ன ஜெனரேட்டர் பலதுல நியூட்ரல் கிரவுண்டோட சேர்ந்திருக்காது, ஃபிளேம் சென்சார் நெருப்பு இருக்கறதைப் பார்க்கறதே கிரவுண்ட் வழியாத்தான். எலெக்ட்ரீஷியன் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் மாட்ட வரும்போது இதையும் சொல்லி வைங்க, அதுக்குன்னே பாண்டிங் பிளக்னு ஒண்ணு இருக்கு.